ஹெல்தி பான்கேக் மிக்ஸ் சரியாக வரவில்லையா? பாக்கெட்டை ஒதுக்கி வைக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முழு கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, புரோட்டீன் பவுடர் எல்லாம் கலந்த ஒரு பான்கேக் மிக்ஸைப் பிரித்தேன். மைதா கிடையாது, சர்க்கரை கிடையாது, ஒரு கப் மிக்ஸில் முக்கால் கப் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் உடனே சுட ஆரம்பிக்கலாம் என்று பின்பக்கம் போட்டிருந்தது. போட்டிருந்தபடியே செய்தேன், ஒரு அளவும் மாற்றவில்லை. தவாவிலிருந்து எடுத்தது வெளியே கருகி, நடுவில் பச்சை மாவாக, மெல்லும்போது ரப்பர் போல இழுபட்டு, விழுங்கினால் தொண்டையை அடைத்தது. வீட்டில் ஆளுக்கு ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார்கள். ரொம்பவே வருத்தமாகப் போய்விட்டது. அவர்கள் நன்றாகச் சாப்பிடட்டும் என்றுதானே அந்த மிக்ஸையே வாங்கினேன்.

பாக்கெட்டில் முக்கால்வாசி மீதம் இருந்தது. அதை வைத்து அடுத்தடுத்த நாட்களில், ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் ஊறும் நேரம், ஒரு நாள் அடுப்பின் சூடு என்று ஒவ்வொன்றாக மாற்றிச் செய்து பார்த்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்: மிக்ஸ் மோசமில்லை, மைதா மிக்ஸைச் சுடுகிற மாதிரியே இதையும் சுட்டதுதான் தவறு. தண்ணீர் அதிகம் வேண்டும், ஊற நேரம் வேண்டும், சூடு குறைவாக வேண்டும். பாக்கெட்டில் இருந்த செய்முறை இந்த மூன்றையுமே சொல்லவில்லை.

ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் எந்த மிக்ஸ் கையில் கிடைத்தாலும் சமாளிக்கலாம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து குளூட்டன் வலையாக மாறும். பேக்கிங் பவுடரிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு குமிழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அந்த வலைக்குப் பெரிய பங்கு உண்டு, அதனால்தான் பான்கேக் உப்பி மெத்தென்று வருகிறது. முழு கோதுமையிலும் குளூட்டன் இருக்கிறது, ஆனால் தவிட்டுத் துகள்கள் அந்த வலையை அங்கங்கே அறுத்துவிடும், அதோடு தவிடு தண்ணீரை மெதுவாக, ஆனால் நிறைய உறிஞ்சும். ஓட்ஸில் இந்த வலையே உருவாகாது. அதிலுள்ள பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து தண்ணீரை இழுத்துக்கொண்டு கொழகொழப்பாகும். பாதாம் மாவில் ஸ்டார்ச் மிகக் குறைவு, கொழுப்பு அதிகம், அதனால் திருப்பும்போது உடைந்துபோகும். தேங்காய் மாவு எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் சூடு பட்டதும் இறுகிவிடும், அளவு கூடினால் ரப்பர்தான்.

ஆகவே மிக்ஸைத் திறக்கும் முன் பாக்கெட்டைப் படியுங்கள். முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வார்த்தைகளை விடுங்கள், பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் பொருட்கள் பட்டியலைப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் இருக்கும் என்பது பொதுவான வழக்கம். முதல் மூன்று பொருட்களைப் பார்த்தாலே எப்படிச் சுட வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும். முழு கோதுமை முதலில் இருந்தால் தண்ணீரும் ஊறும் நேரமும் கூட வேண்டும். புரோட்டீன் பவுடர் மேலே இருந்தால் அடுப்பைக் குறைக்க வேண்டும். பாதாம் மாவோ தேங்காய் மாவோ முதலில் இருந்தால் முட்டையைக் கூட்டி, பான்கேக்கைச் சின்னதாக ஊற்ற வேண்டும். மல்ட்டிகிரைன் என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், பல தானியம் என்பதுதான் அதன் அர்த்தம், அந்தத் தானியங்கள் தவிட்டோடு முழுதாக அரைக்கப்பட்டவை என்று அர்த்தமில்லை.

பட்டியலில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். பால் பவுடரும் முட்டைப் பவுடரும் இருக்கின்றனவா? இரண்டும் இல்லாமல் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொன்னால் சுவை சப்பென்றுதான் இருக்கும், நாம்தான் சேர்க்க வேண்டும். அடுத்து, இனிப்புக்கு என்ன போட்டிருக்கிறார்கள்? எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்று போட்ட மிக்ஸ் சர்க்கரை போல நிறம் மாறாது. பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் காய்ந்து போய்விடும், அதனால் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரை மாற்று அதற்கு நேர் எதிர், சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவந்துவிடும். சர்க்கரை வெறும் இனிப்புக்காக மட்டும் போடுவதில்லை, ஈரத்தைப் பிடித்து வைப்பதும் மிருதுவாக்குவதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை வேறு ஏதாவது செய்ய வேண்டும். பாதி வாழைப்பழத்தை நன்றாக மசித்துச் சேர்த்தால் போதும். முழுப் பழம் போட்டால் கனத்து, நடுவில் வேகாமல் நிற்கும்.

அப்புறம் மிக்ஸுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று ஒரு சோதனை. வெகுநாள் திறந்து வைத்த பாக்கெட் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் மிக்ஸை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீர் இரண்டு டேபிள்ஸ்பூன் விட்டுப் பாருங்கள். குமிழ் விட்டு நுரைத்தால் சரி, அசையாமல் கிடந்தால் அதிலுள்ள பேக்கிங் பவுடர் ஈரம் பட்டு ஏற்கெனவே வேலை முடித்துவிட்டது. அப்படியானால் ஒரு கப் மிக்ஸுக்கு ஒரு டீஸ்பூன் புதிய பேக்கிங் பவுடர் சேர்க்கலாம். லேசாக நுரைத்தால் அரை டீஸ்பூன் போதும். பேக்கிங் சோடாவை மட்டும் கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள், அதற்குப் புளிப்பு ஏதாவது துணை வேண்டும், அது இல்லாமல் சோடா கூடிப்போனால் சோப்பு மாதிரி ஒரு வாடை வரும், எதை ஊற்றிச் சாப்பிட்டாலும் அது போகாது. ப்ளூபெர்ரி போட்ட பான்கேக்கில் பழத்தைச் சுற்றிப் பச்சை நிறமாகத் தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் சோடா கூடியதால்தான்.

இப்போது அளவு. என் முதல் முயற்சி இங்கேதான் முதலில் சறுக்கியது. கப்பை பாக்கெட்டுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் அதே கப்பில் மிக்ஸ் நிறையக் கூடிவிடும், தண்ணீர் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். எடை மெஷின் இருந்தால் 120 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்பூனால் மிக்ஸைத் தளர்த்தி, கப்பில் கொட்டி, மேலே வழித்துவிடுங்கள்.

120 கிராம் மிக்ஸுக்கு எனக்குக் கடைசியில் சரியாக வந்த கணக்கு இது: பால் ஒரு கப், அதாவது 240 மில்லி, ஒரு முட்டை, ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா இருந்தால் அரை டீஸ்பூன். பாக்கெட் சொன்னது முக்கால் கப் தண்ணீர் மட்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். கொழுப்பு சேர்த்தால் ஹெல்தி இல்லாமல் போய்விடுமே என்று நானும் முதலில் தயங்கினேன், ஆனால் இந்தக் கணக்கில் ஆறு பான்கேக் வரும், ஒன்றுக்குக் கால் டேபிள்ஸ்பூன் எண்ணெய்தான், அது இல்லாவிட்டால் வறண்டுபோய் யாரும் தொட மாட்டார்கள். உப்பையும் விட்டுவிடாதீர்கள். பாக்கெட்டில் உப்பு ஏற்கெனவே இருந்தால் சிட்டிகைகூட வேண்டாம், இல்லையென்றால் கால் டீஸ்பூன் வரை போடலாம், தானிய வாசனை தூக்கலாகத் தெரிவதே அதனால்தான்.

பட்டியலில் பேக்கிங் சோடா இருந்தால் பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, லேசாகத் திரிந்ததும் ஊற்றுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் வழவழப்பாக வரும், அதைச் சேர்க்கலாம். மாவை அது சேர்த்துப் பிடிக்கும், ஆனால் முட்டை அளவுக்கு உப்ப வைக்காது. பாதாம் மாவு மிக்ஸுக்கு இந்த மாற்று அவ்வளவாகச் சரிப்படாது, உதிர்ந்துவிடும்.

கலக்கும் விதத்துக்கு வருவோம். பால், முட்டை, எண்ணெய் மூன்றையும் தனியாக நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். அதை மிக்ஸில் ஊற்றி, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் கிளறி நிறுத்துங்கள். கோதுமை மிக்ஸில் சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், ஊறும்போது கரைந்துவிடும். அவற்றைக் கரைக்கிறேன் என்று அடித்துக்கொண்டே இருந்தால் குளூட்டன் இறுகி, பான்கேக் தோல் மாதிரி ஆகும். ஓட்ஸ் மிக்ஸை மிக்ஸியில் போட்டுச் சுற்ற வேண்டாம், கொழகொழப்பு இரட்டிப்பாகும். புரோட்டீன் பவுடரைத் தனியாகச் சேர்ப்பவர்கள் மட்டும் அதை முதலில் பாலில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு மற்றதைச் சேருங்கள், ஏனென்றால் அந்தக் கட்டிகள் ஊறினாலும் கரையாது, வாயில் மாவு உருண்டையாகத் தட்டுப்படும். பச்சை மாவை ருசி பார்க்கவும் வேண்டாம். முட்டை மட்டுமல்ல, வேகாத மாவிலும் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு.

கலக்கியதும் மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிய நாளில்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது. அதே மிக்ஸ், அதே தவா, பத்து நிமிடம் ஊறியதால் மட்டும் நரநரப்பு போய், நடுவில் மாவு வாடையும் இல்லாமல் வெந்தது. தவிட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகிறது. குமிழ் எல்லாம் போய்விடாதா என்று கேட்கலாம். இப்போது வரும் பேக்கிங் பவுடர்கள் பெரும்பாலும் இரண்டு கட்டமாக வேலை செய்பவை, ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் மீதி, அதனால் பத்து நிமிடத்தில் பெரிய நஷ்டம் இல்லை. சோடா மட்டும் உள்ள மிக்ஸ் என்றால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். நீங்களாகக் கூடுதலாகச் சேர்க்கும் பேக்கிங் பவுடரை ஊறி முடிந்த பிறகு, சின்ன வடிகட்டி வழியாகத் தூவி லேசாகக் கிளறினால் முழுப் பலனும் கிடைக்கும்.

ஊறியதும் மாவு முன்னைவிடக் கெட்டியாக இருக்கும். கரண்டியில் எடுத்து விட்டுப் பாருங்கள். கட்டியாகத் தொப்பென்று விழுந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் பால் விட்டுக் கிளறி மறுபடி பாருங்கள், கனமாக, அறுபடாமல் வழிந்தால் சரியான பதம். தவாவில் ஊற்றியதும் கரண்டியால் தேய்க்காமலே மெதுவாகத் தானாகப் பரவ வேண்டும். தேங்காய் மாவு கலந்ததென்றால் இரண்டு பான்கேக் சுட்டு முடிப்பதற்குள் மீதி மாவு மறுபடி இறுகியிருக்கும், அப்போதும் இதே மாதிரி தளர்த்திக்கொள்ளலாம்.

சரி, அடுப்பு. பெரும்பாலானவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள், நானும்தான். தண்ணீர்த் துளி தவாவில் முத்து மாதிரி உருண்டு ஓடினால் சூடு சரி என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். துளிக்கு அடியில் நீராவி ஒரு மெத்தை போல உருவாவதால் அது அப்படி உருள்கிறது, 1756-இல் இதை விவரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்டின் பெயரால் லைடன்ஃப்ராஸ்ட் விளைவு என்கிறார்கள். ஆனால் துளி உருண்டு ஓட ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூடு ஆக வேண்டும். மைதா பான்கேக்குக்கு 190 டிகிரி வரை பரவாயில்லை. புரோட்டீனும் பால் பவுடரும் உள்ள மிக்ஸுக்கு இது மிக அதிகம். சர்க்கரை இல்லை என்று பாக்கெட் சொன்னாலும் பால் பவுடரில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது, அதுவும் புரதமும் சூட்டில் சேர்ந்தால் வேகமாகச் சிவக்கும், மெய்லார்ட் வினை என்பது இதுதான். வெளிப்பக்கம் கருகி உள்ளே பச்சையாக நின்ற என் பான்கேக்குக்குக் காரணம் இது.

ஆகவே தவாவை மிதமான தீயைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்து, நான்கைந்து நிமிடம் நிதானமாகச் சூடாக்குங்கள். சூடு அளக்கும் கருவி இருந்தால் 165 முதல் 175 டிகிரி. இல்லையென்றால் துளி விழுந்ததும் சுர்ரென்று சத்தம் போட்டு ஓரிரு நொடியில் வற்ற வேண்டும், உருண்டு ஓடினால் தீயைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். எண்ணெயை ஒரு துணியிலோ டிஷ்யூவிலோ தொட்டு மெல்லிய படலமாகத் தடவினால் போதும். எண்ணெய் தேங்கி நின்றால் ஓரம் வறுபட்டுப் புள்ளி புள்ளியாக நிறம் ஏறும். தவாவில் வெறும் வெண்ணெய் போட்டால் அதிலுள்ள பால் பகுதி கருகி அடுத்த பான்கேக்கில் ஒட்டும், வாசனைக்கு வேண்டுமென்றால் சுட்ட பிறகு மேலே தடவிக்கொள்ளுங்கள்.

ஒரு பான்கேக்குக்குக் கால் கப்புக்கு மேல் ஊற்றாதீர்கள். பாதாம், தேங்காய் மாவு என்றால் இரண்டு டேபிள்ஸ்பூன்தான், பெரிதாக ஊற்றினால் திருப்பும்போது உடைவது நிச்சயம். ஊற்றியதும் ஒரு மூடி போட்டு ஒரு நிமிடம் வைத்தால் மேல்பக்கமும் ஆவியில் வேக ஆரம்பிக்கும். ஓட்ஸ், புரோட்டீன் மிக்ஸுக்கு இது நன்றாகக் கைகொடுக்கிறது. மைதாவில் மேலே குமிழ் வந்து உடைந்து ஓட்டை அப்படியே நிற்பதைப் பார்த்துத் திருப்புவோம். இதில் அவ்வளவு குமிழ் வராது. குமிழுக்குக் காத்திருந்தால் கருகிவிடும். ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு ஈரப் பளபளப்பு போய் மங்கியிருக்கிறதா, தட்டைக் கரண்டியை அடியில் விட்டால் ஒட்டாமல் முழுதாக நகர்கிறதா, அதைப் பாருங்கள். எனக்கு முதல் பக்கத்துக்கு இரண்டரை முதல் மூன்று நிமிடம், அடுத்த பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. ஒரு தடவைதான் திருப்ப வேண்டும். திருப்பியபின் கரண்டியால் அழுத்தவே கூடாது, உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். சந்தேகமாக இருந்தால் பல் குத்தும் குச்சியை நடுவில் செருகி எடுங்கள், ஈர மாவு ஒட்டக்கூடாது.

முதல் பான்கேக் சரியாக வராவிட்டால் மாவைக் குறை சொல்ல வேண்டாம், தவாவின் சூடும் எண்ணெயும் நிலைப்பட ஒன்று செலவாகும். அதைச் சின்னதாக ஊற்றி, பிய்த்துப் பார்த்து, நடு வேகவில்லை என்றால் தீயைக் குறையுங்கள், வறண்டிருந்தால் மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் பால் கூட்டுங்கள்.

இவ்வளவும் செய்தும் கசக்கிறது என்றால் மிக்ஸைக் கொஞ்சம் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். முழு தானிய மாவில் தானிய முளையின் எண்ணெய் இருக்கிறது, நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். அதை எதாலும் மறைக்க முடியாது, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். அடுத்த பாக்கெட்டைத் திறந்ததும் காற்றுப்புகாத டப்பாவில் கொட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். வாடை எதுவும் இல்லை, ஆனால் தவிட்டின் துவர்ப்புதான் பிடிக்கவில்லை என்றால் மிக்ஸில் பாதியை மைதாவாக மாற்றிக்கொள்ளுங்கள், அந்த மைதாவுக்குத் தனியாக அரை கப்புக்கு அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட வேண்டும், பாலையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. குழந்தைகளுக்கு முதல் இரண்டு தடவை பாதிப்பாதியாகக் கொடுத்துவிட்டுத்தான் மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், இப்போது முழு மிக்ஸில் சுட்டாலும் சாப்பிடுகிறார்கள்.

ஏற்கெனவே சொதப்பிய பான்கேக்குகள் தட்டில் இருக்கின்றனவா? வெளியே சிவந்து உள்ளே வேகாதவற்றை 160 டிகிரி ஓவனில் ஐந்து முதல் எட்டு நிமிடம் வைத்தால் வெந்துவிடும். காய்ந்து கட்டையானவற்றைத் துண்டாக்கி, ஒரு முட்டையும் கால் கப் பாலும் அடித்த கலவையில் நன்றாக ஊறவைத்து மறுபடி தவாவில் போட்டு எடுங்கள், முன்பைவிட நன்றாக இருக்கும். சோடா வாடை வந்ததை மட்டும் சரிசெய்ய முடியாது.

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் பரிமாற வேண்டுமென்றால் சுட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், அடியில் இருப்பது வியர்த்து ஈரமாகிவிடும். கம்பித் தட்டில் பரப்பி 95 டிகிரி ஓவனில் வைத்தால் அரை மணி நேரம்கூடத் தாங்கும். மிஞ்சியதை நன்றாக ஆறவிட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து, கவரில் காற்றை வெளியேற்றி ஃபிரீசரில் போடுங்கள், இரண்டு மாதம் வரை சுவை மாறாது. எடுத்ததும் உறைபனி இளகக் காத்திருக்காமல் நேராக டோஸ்டரில் போடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் புரோட்டீன் மிக்ஸ் மறுபடி ரப்பராகிவிடுகிறது, டோஸ்டரில் ஓரம் லேசாக மொறுமொறுவென்றும் நடு மிருதுவாகவும் வருகிறது.